ரேஷன் குறையும் முகாமில் கீரைப்பாத்தி

அகதிகளின் மனநலம் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது அவர்கள் தப்பி வந்த போர்தான். எரிந்த வீடு, கண்ணெதிரே போன உயிர்கள், இரவோடு இரவாக எல்லை தாண்டிய நடை. இவைதான் மனதில் ஆறாமல் நிற்கின்றன, இவற்றுக்கு வைத்தியம் பார்த்தால் மனிதர் மீண்டுவிடுவார் என்று நினைக்கிறோம். இதில் பிழையில்லை, ஆனால் இது பாதி உண்மை. முகாமுக்கு வந்து சேர்ந்த பிறகு தினமும் எதிர்கொள்பவை இருக்கின்றன. அடுத்த மாத ரேஷன் வருமா, வந்தால் எத்தனை நாளைக்குத் தாங்கும், விறகு பொறுக்கப் போன மகள் பத்திரமாகத் திரும்புவாளா, எங்கேயாவது கூலி வேலை கிடைக்குமா? இந்தக் கவலைகளும் மனதை அதே அளவுக்கு அரிக்கின்றன. வருஷங்கள் போகப் போக, போரின் நினைவைவிட இவையே பெரிதாகின்றன. அப்படியானால் மனநல உதவியையும் உணவையும் இரண்டு தனித்தனி விஷயங்களாகப் பிரித்து வைப்பதில் அர்த்தமில்லை. ஆலோசனை தருபவர் ஒரு கூடாரத்திலும் விதை தருபவர் இன்னொரு கூடாரத்திலும் உட்கார்ந்திருப்பதை விட்டு, ஒரே குடும்பத்துக்கு ஒரே சமயத்தில் இரண்டும் சேர்ந்து கிடைக்க வேண்டும். கூடவே ஒரு நிபந்தனை: வீட்டுத்தோட்டம் ரேஷனோடு சேர வேண்டும், ரேஷனுக்குப் பதிலாக வரக் கூடாது. நிபந்தனை மீறப்பட்டால் வாதம் முழுவதும் விழுந்துவிடும் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தத் துறையில் வெகுநாளாக ஒரு சண்டை இருந்தது. போர்க் காயத்துக்குச் சிகிச்சை கொடுங்கள் என்றது ஒரு தரப்பு. வாழும் சூழலைச் சரிசெய்யுங்கள், மனம் தானே தேறும் என்றது இன்னொரு தரப்பு. கென்னத் மில்லர், ஆண்ட்ரூ ராஸ்முசென் என்ற இரு உளவியலாளர்கள் 2010-ல் எழுதிய கட்டுரை இந்த இரண்டையும் இணைத்தது. போர் மனதை நேராகவும் தாக்குகிறது. வறுமை, நெரிசல், தனிமை, வீட்டுக்குள் வன்முறை ஆகிய அன்றாட நெருக்கடிகள் வழியாகச் சுற்றி வந்தும் தாக்குகிறது என்று பல நாட்டு ஆய்வுகளை வைத்துக் காட்டினார்கள். இலங்கையிலும் இதற்குச் சான்று உண்டு. போரையும் 2004 ஆழிப்பேரலையையும் கண்ட இளையோரிடம் காயத்ரி பெர்னாண்டோவும் மில்லரும் சேர்ந்து நடத்திய ஆய்வில், பேரழிவின் பாதிப்பு பெருமளவுக்கு அன்றாட நெருக்கடிகள் வழியாகவே வந்து சேர்வதைக் கண்டார்கள். வங்கதேசத்தின் குதுபலோங், நயபாரா முகாம்களில் 148 ரோஹிங்கியா அகதிகளிடம் எடுத்து 2017-ல் வெளியான இன்னோர் ஆய்வில், 36 சதவீதம் பேருக்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநெருக்கடியின் அறிகுறிகளும் 89 சதவீதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகளும் இருந்தன. அங்கேயும் உணவுப் பற்றாக்குறை, நடமாட்டத் தடை போன்ற அன்றாட இடர்கள்தாம் பழைய கொடுமையையும் இன்றைய மனநோயையும் இணைக்கும் கண்ணியாக நின்றன. 2017 ஆகஸ்டில் ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் எல்லை கடந்து வந்து அந்த முகாம்கள் வீங்குவதற்கு முன்பு இருந்த நிலை இது.

பசிக்கும் மனதுக்கும் உள்ள தொடர்பு அகதிகளுக்கு மட்டும் உரியதுமல்ல. 149 நாடுகளின் தரவுகளை வைத்து 2017-ல் வெளியான ஆய்வு ஒன்று, உலகின் எந்தப் பகுதியிலும் எந்த வருமான நிலையிலும் உணவு நிச்சயமில்லாதவர்களின் மனநலம் மோசமாக இருப்பதைக் காட்டியது. வயிறு காலியாக இருப்பது மட்டும் இதற்குக் காரணம் இல்லை. நாளைக்கு என்ன என்ற நிச்சயமின்மை, பிள்ளைக்குக் கொடுக்க முடியாத வெட்கம், பக்கத்து வீட்டில் கடன் கேட்க வேண்டிய சங்கடம் ஆகியவை சேர்ந்துதான் தூக்கத்தைப் பறிக்கின்றன. உணவு கிடைப்பதைப் போலவே, அது எப்படிக் கிடைக்கிறது என்பதும் மனதைத் தொடுகிற விஷயம். வரிசையில் நின்று வாங்குகிற தானியத்துக்கும் வாசலில் பறிக்கிற கீரைக்கும் சத்தில் மட்டும் வித்தியாசம் இல்லை.

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க உகாண்டா பொருத்தமான நாடு. ஆப்பிரிக்காவிலேயே அதிக அகதிகளுக்கு இடம் கொடுத்திருப்பது அதுதான். 17 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே இருக்கிறார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் தெற்கு சூடானியர். 2011-ல் தனி நாடான தெற்கு சூடானில் 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போர் மூண்டது. 2016 ஜூலையில் ஜூபாவில் மீண்டும் சண்டை வெடித்தபோது மக்கள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே இறங்கினார்கள். யும்பே மாவட்டத்தில் அந்த ஆகஸ்டில் திறந்த பிடிபிடி குடியிருப்பு அதே ஆண்டு டிசம்பருக்குள் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் நிரம்பி, புதியவர்களுக்குக் கதவை மூடிக்கொண்டது. வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்களும் குழந்தைகளும். உகாண்டாவின் 2006-ஆம் ஆண்டு அகதிகள் சட்டம் அவர்களுக்கு வேலை செய்யவும் நாட்டுக்குள் நடமாடவும் உரிமை தருகிறது. முள்வேலிக்குள் அடைக்காமல், குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலமும் தருகிறார்கள். வடமேற்கே மேற்கு நைல் பகுதியில் அது பொதுவாக 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம் கணக்கில் சுமார் 22 சென்ட். அதற்குள்தான் குடிசையும் சமையல் கட்டும் கழிவறையும் வர வேண்டும், மிச்சம்தான் பயிருக்கு. சில இடங்களில் அந்த மிச்சமும் பாறை. நிலம் சொந்தமாகாது, பயன்படுத்தும் உரிமை மட்டுமே. அந்தப் பகுதியின் மண் உள்ளூர்க் குலங்களின் பொதுச் சொத்து. அவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்ததால்தான் குடியிருப்புகள் எழுந்தன.

உலகம் பாராட்டிய இந்த ஏற்பாட்டுக்குள் இன்னொரு கதையும் ஓடிக்கொண்டிருந்தது. 2019-ல் உகாண்டாவில் உள்ள தெற்கு சூடான் அகதிகளிடையே 97 தற்கொலை முயற்சிகள் பதிவாயின, 19 பேர் இறந்தார்கள் என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் அறிவித்தது. முந்தைய ஆண்டைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். நிலம் இருந்தது, நடமாடும் உரிமை இருந்தது, ஆனாலும் இது நடந்தது. பிறகு ரேஷன் அடுத்தடுத்து வெட்டப்பட்டது. நன்கொடை நாடுகளிடமிருந்து வரும் பணம் குறையவே, உலக உணவுத் திட்டம் 2020 ஏப்ரலில் ரேஷனை 70 சதவீதமாக்கியது. 2021 பிப்ரவரியில் 60 சதவீதமாக்கியது. 2023-ல் அகதிகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள்: முதல் வகைக்கு 60 சதவீதம், இரண்டாம் வகைக்கு 30 சதவீதம், தன் காலில் நிற்கக்கூடியவர் என்று கருதப்பட்ட மூன்றாம் வகைக்கு ஒன்றுமில்லை. 2025 மே மாதத்தில் பத்து லட்சம் பேர் உணவு உதவியிலிருந்து முழுதாக வெளியேற்றப்பட்டார்கள். மனதுக்கு உதவி வேண்டும் என்று ஒரு பக்கம் தெளிவாகத் தெரிகிற காலத்திலேயே, மறுபக்கம் மனதை உடைக்கும் காரணம் பெருகிக்கொண்டிருந்தது.

அதே மேற்கு நைல் பகுதியில்தான் மனநல உதவியில் ஒரு முக்கியமான சோதனையும் நடந்தது. செல்ஃப் ஹெல்ப் பிளஸ் என்று உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய முறை அது. மனநல மருத்துவர்கள் தேவையில்லை. குறுகிய காலப் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் போதும். இருபது முப்பது பேர் கொண்ட குழு வாரம் ஒருமுறை, இரண்டு மணி நேரம், ஐந்து வாரம் கூடுகிறது. பாடம் ஒலிப்பதிவாக அவர்கள் மொழியில் ஒலிக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிகிற படப்புத்தகம் ஒன்று கையில் இருக்கும். மனம் கொந்தளிக்கும்போது கால் பதிந்திருக்கும் தரையையும் மூச்சையும் கவனித்து நிதானத்துக்கு வருவது, வாட்டும் எண்ணத்தோடு மல்லுக்கட்டாமல் அதைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பது, தனக்கு முக்கியம் எது என்று தேர்ந்து அதை நோக்கி ஒரு சிறு காரியமாவது செய்வது, தன்னிடமும் பிறரிடமும் கனிவாக இருப்பது ஆகியவை பாடங்கள். ரைனோ முகாமில் 14 ஊர்களைச் சேர்ந்த 694 தெற்கு சூடான் பெண்களிடம் இதைச் சோதித்து, வீட்சே டோலும் அவரது குழுவினரும் 2020-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களின் மன உளைச்சல் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. கோபம் தணிந்திருந்தது, அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் கூடியிருந்தது. பல்லாயிரம் பேருக்குக் குறைந்த செலவில் கொண்டு போகக்கூடிய முறை இது என்பதால் இதன் மதிப்பு அதிகம்.

ஆனால் அந்த ஆய்வில் இன்னொரு விவரமும் இருக்கிறது. பயிற்சி முடிந்த கையோடு தெரிந்த பலன், மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது கணிசமாகக் குறைந்திருந்தது. மற்ற நாடுகளில் நடந்த சோதனைகளில் இந்தப் போக்கு ஒரே மாதிரி இல்லை. துருக்கியில் சிரிய அகதிகளிடம் பலன் ஆறு மாதம் கழித்தே நன்றாகத் தெரிந்தது. எனவே ஒரே ஒரு தேய்மானத்தை வைத்துப் பெரிய முடிவு எடுக்கக் கூடாது. இருந்தாலும் ரைனோ முகாமில் ஏன் தேய்ந்தது என்று யோசிக்க வேண்டும். குழுவில் கற்றுக்கொண்டதை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் திரும்பிப் போவது அதே குடிசைக்கு, அதே போதாத ரேஷனுக்கு. தனக்கு முக்கியமானதை நோக்கி ஒரு காரியம் செய் என்கிறது பாடம். பிள்ளைகளுக்கு நல்லபடியாகச் சோறு போடுவதுதான் எனக்கு முக்கியம் என்று அவள் சொன்னால், அதை நோக்கி அவள் எதைச் செய்ய முடியும்? கையில் விதை இருந்தால் ஒரு பதில் இருக்கிறது. மனச்சோர்வு உள்ளவரைச் சிறு சிறு செயல்களில் ஈடுபடுத்தி, அதன் பலனைக் கண்ணால் காணவைப்பது மனநல சிகிச்சையில் நன்கு நிரூபணமான வழி. கீரை அதற்கு வெகு பொருத்தம். விதைத்து நாலைந்து நாளில் முளை தெரியும், ஒரு மாதத்துக்குள் சட்டிக்கு வரும். ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா தொடங்கிய நட்பு இருக்கை என்ற ஆலோசனைத் திட்டத்திலும், பாட்டிமார்களிடம் ஆலோசனை பெற்ற பெண்கள் பிறகு குழுவாகக் கூடி, பழைய பிளாஸ்டிக்கைப் பின்னிப் பைகள் செய்கிறார்கள். கை வேலை செய்யும்போது வாய் எளிதாகத் திறக்கும். மனசு சரியில்லை என்று கூட்டத்துக்குப் போகத் தயங்குபவர்கள்கூட நாற்று வாங்கப் போகத் தயங்க மாட்டார்கள்.

முகாம் தோட்டம் என்றால் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஏக்கர் கணக்கில் உழுவது இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் பரவலாக இருப்பது சாக்குத் தோட்டம். தானியம் வந்த காலிச் சாக்கை நிமிர்த்தி வைத்து, அடியில் கொஞ்சம் கல் போடுவார்கள். அடியும் மேலும் வெட்டிய தகர டின் ஒன்றை நடுவில் நிறுத்தி, டின்னுக்குள் சிறு கற்களையும் அதைச் சுற்றி எரு கலந்த மண்ணையும் நிரப்புவார்கள். பிறகு டின்னை மேலே இழுத்து, மறுபடி கல், மறுபடி மண். சாக்கு நிரம்பும்போது நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு கல் தூண் நின்றிருக்கும். மேலே ஊற்றுகிற தண்ணீர் அந்தத் தூண் வழியாக இறங்கி எல்லா மட்டத்து மண்ணையும் நனைக்கும். இல்லாவிட்டால் மேல்மண் மட்டும் சேறாகி அடிமண் காய்ந்து கிடக்கும். சாக்கின் பக்கவாட்டில் ஒரு சாண் இடைவெளியில் துளை போட்டு, சுகுமா விக்கி என்று அங்கே சொல்லும் கோஸ் இனக் கீரையையும், நம் தண்டுக்கீரையின் உறவான டோடோவையும் நடுவார்கள். உச்சியில் தக்காளியோ வெங்காயமோ. வெளி இலையைப் பறிக்கப் பறிக்க நடுக்குருத்து வளர்ந்துகொண்டே இருக்கும். பாத்திரம் அலசிய தண்ணீரே இதற்குப் போதும். குடிசை வாசலிலேயே இருப்பதால் ஆட்டிடமிருந்து காப்பதும் சுலபம். இதற்கு 22 சென்ட்கூடத் தேவையில்லை, இரண்டு சதுர அடி போதும். இதே முறையை 2008-ல் தேர்தல் வன்முறைக்குப் பிறகு நைரோபியின் கிபேரா சேரியில் பரப்பினார்கள். அங்கே நடந்த ஆய்வு, சாக்குத் தோட்டம் போட்டவர்களின் உணவு நிலை மேம்பட்டதோடு அக்கம்பக்கத்தாரிடம் ஒருவரையொருவர் நம்பி உதவும் வழக்கமும் கூடியதாகச் சொன்னது. இனத்தின் பேரால் பக்கத்து வீட்டுக்காரர்களே மோதிக்கொண்ட இடத்தில் அது சிறிய விஷயம் இல்லை.

இதற்கு வரும் முதல் ஆட்சேபம் எளிமையானது: நாலு சாக்குக் கீரை ஒரு குடும்பத்தின் பசியைத் தீர்க்குமா? தீர்க்காது. நெருக்கடிக் காலத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி என்பது உதவி அமைப்புகள் வைத்திருக்கும் அளவுகோல். கீரையில் கலோரி மிகக் குறைவு. அது தருவது வேறு. ரேஷன் என்பது சோளம், பருப்பு வகை, எண்ணெய், உப்பு. மாதக் கணக்கில் அதையே சாப்பிட்டால் வயிறு நிரம்பலாம், வைட்டமின் ஏ, ஃபோலிக் அமிலம் போன்ற நுண்சத்துகளுக்குப் பஞ்சம்தான். இலைக்கீரை அந்த இடைவெளியை ஓரளவு அடைக்கும். ரேஷன் அட்டையில் வராத சத்து அது. கூடவே, காய்கறி வாங்குவதற்காக ரேஷன் தானியத்தில் ஒரு பங்கைச் சந்தையில் அடிமாட்டு விலைக்கு விற்கும் கட்டாயமும் குறையும்.

இரண்டாவது ஆட்சேபம்தான் கனமானது. அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. அகதிகளுக்கு விதையைக் கொடுத்துவிட்டுத் தன் காலில் நிற்கிறார்கள் என்று அறிவித்து உதவியை நிறுத்துவதற்கு இது சாக்காகிவிடும் என்கிறார்கள் விமர்சகர்கள். உகாண்டாவில் தன்னிறைவுக் கொள்கை 1999-லேயே வந்துவிட்டது. அன்று முதல் இந்தக் குற்றச்சாட்டும் இருக்கிறது. அதில் நியாயம் உண்டு என்பதைக் கணக்கே சொல்லும். 22 சென்ட் முழுவதிலும், குடிசைகூட இல்லாமல், மக்காச்சோளம் போட்டதாக வைத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு இரண்டு டன் என்று தாராளமாகவே விளைச்சல் கணக்கிட்டால் 180 கிலோ வரும். கிலோவுக்கு 3,600 கலோரி என்றால் ஆறரை லட்சம் கலோரி. ஐந்து பேர் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 10,500. அதாவது ஒரு போகம் முழுதாக விளைந்தாலும் இரண்டு மாதச் சாப்பாடு. இந்த நிலத்தை வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. மனநலக் கோணத்திலிருந்து பார்த்தால் இதில் இன்னொரு கேடும் இருக்கிறது. வாசலில் நாலு பாத்தி பச்சையாக இருப்பதையே வசதிக்குச் சான்றாக எடுத்துக்கொண்டு ஒரு குடும்பத்தை ரேஷன் பட்டியலில் கீழே இறக்கினால், தோட்டம் போடுவது ஆபத்து என்ற பாடத்தைத்தான் முகாம் முழுவதும் கற்றுக்கொள்ளும். உழைத்தவருக்குத் தண்டனை கிடைக்கிற இடத்தில் எந்த மனமும் தேறாது. ஆகவே நிபந்தனையை எழுத்தில் வைக்க வேண்டும்: ரேஷன் தகுதியை முடிவுசெய்யும் கணக்கெடுப்பில் வீட்டுத்தோட்டம் வருமானமாகச் சேராது. ரேஷன் வெட்டுக்குக் காரணம் தோட்டம் இல்லை, நன்கொடை நாடுகளின் கஞ்சத்தனம். தோட்டத்தைக் கைவிட்டால் அந்தப் பணம் திரும்பி வந்துவிடாது. ஆனால் தோட்டத்தைக் காட்டி அந்தக் கஞ்சத்தனத்தை நியாயப்படுத்த விடக் கூடாது.

தோட்டம் மனதுக்கு நல்லது என்பதற்கு ஆதாரம் எவ்வளவு வலுவானது என்ற கேள்வியும் வரும். நியாயமான கேள்வி. 2017-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் அலசல், தோட்ட வேலை மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைப்பதாகவும் வாழ்வின் திருப்தியைக் கூட்டுவதாகவும் முடிவுக்கு வந்தது. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை வசதியான நாடுகளில், சிறு குழுக்களிடம் எடுத்தவை. மனம் கொஞ்சம் தெம்பாக இருப்பவர்களே தோட்டம் போட முன்வருவார்கள் என்பதால் எது காரணம், எது விளைவு என்று பிரிப்பதும் கடினம். இதைவிடக் கூர்மையான சவால் கென்யாவிலிருந்து வருகிறது. ஜொஹானஸ் ஹவுஸ்ஹோஃபரும் மற்றவர்களும் கிராமப்புறத்தில் சிலருக்குப் பணம், சிலருக்கு ஐந்து வார உளவியல் ஆலோசனை, சிலருக்கு இரண்டும் கொடுத்து ஒரு வருஷம் கழித்துப் பார்த்தார்கள். பணம் பெற்றவர்களின் வாழ்வும் மனமும் மேம்பட்டிருந்தன. ஆலோசனை மட்டும் பெற்றவர்களிடம் மாற்றம் தெரியவில்லை. இரண்டும் பெற்றவர்கள் பணம் மட்டும் பெற்றவர்களைவிட மேலாக இல்லை. அப்படியானால் சேர்த்துக் கொடுப்பதால் என்ன கூடுதல் லாபம்? அந்த ஆய்வில் ஆலோசனை பெற்றவர்கள் மன உளைச்சல் இருப்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல, பொதுமக்கள். நோயில்லாதவருக்குக் கொடுத்த மருந்தில் பலன் தெரியாததை வைத்து மருந்தைக் குறை சொல்ல முடியாது. ரைனோ முகாமில் சேர்க்கப்பட்டது உளைச்சலில் இருந்த பெண்களை. அதே சமயம் அந்த ஆய்வின் முக்கியமான செய்தியை நான் தள்ளிவிடவில்லை: வாழ்க்கையின் பொருள் நிலை மாறாமல் பேச்சு மட்டும் நெடுநாள் தாங்காது. பணம் கொடுக்க முடிந்தால் பணமே கொடுக்கட்டும், அது விதையைவிட நல்லது. ஆனால் தானியத்துக்கே பணம் இல்லை என்று பத்து லட்சம் பேரை வெளியேற்றுகிற காலத்தில், விதையும் சாக்கும் நாற்றங்காலும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை. தோட்டத்தை நான் சிகிச்சை என்று சொல்லவில்லை. தீவிர மனநோய் உள்ளவருக்கு மருந்தும் மருத்துவரும் வேண்டும். பாத்தி அதற்கு ஈடாகாது. ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் 2007-ல் வெளியிட்ட வழிகாட்டி மனநல உதவியை நான்கு அடுக்குகளாகப் பார்க்கிறது: எல்லோருக்கும் உணவும் பாதுகாப்பும், அதற்கு மேல் குடும்பமும் சமூகமும் தரும் ஆதரவு, அதற்கு மேல் பயிற்சி பெற்றவர்கள் தரும் உதவி, உச்சியில் மருத்துவ நிபுணர்கள். தோட்டம் கீழ் இரண்டு அடுக்குகளைச் சேர்ந்தது, செல்ஃப் ஹெல்ப் பிளஸ் மூன்றாவதைச் சேர்ந்தது. கீழ் அடுக்கில் ஓட்டை இருந்தால் மேல் அடுக்கில் ஊற்றுவது தங்காது.

உகாண்டாவில் மண் இருக்கிறது, மற்ற இடங்களில் எங்கே போவது என்று கேட்கலாம். வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் பத்து லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியாக்கள் மலைச் சரிவுகளில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். நிரந்தரமாக எதையும் கட்ட அனுமதியில்லை, மூங்கிலும் தார்ப்பாயும்தான். முறையான வேலைக்கும் அனுமதியில்லை. மாதத்துக்கு ஒருவருக்கு 12 டாலராக இருந்த உணவு உதவி 2023 மார்ச்சில் 10 ஆகவும் ஜூனில் 8 ஆகவும் குறைந்து, அடுத்த ஆண்டுதான் மெல்ல ஏறியது. 2025-ல் மறுபடியும் 6 டாலராக்கப் போவதாக அறிவிப்பு வந்து கடைசி நேரத்தில் தவிர்க்கப்பட்டது. அங்கே தோட்டம் மேல் நோக்கிப் போயிற்று. வாசலில் ஒரு குழியில் ஊன்றிய சுரையும் பூசணியும் மூங்கில் தட்டியில் ஏறித் தார்ப்பாய்க் கூரையை மூடுகின்றன. வெயில் காலத்தில் கூரைக்குக் கீழே சூடு தணிவது உபரி லாபம். ஜோர்டானின் ஜாத்தரி முகாமில் மண் உப்பு, தண்ணீர் அரிது. அங்கே ஷெஃபீல்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் சிரிய அகதிகளும் சேர்ந்து, தூக்கிப்போட்ட மெத்தைகளின் ஸ்பாஞ்சை வெட்டித் தொட்டியில் வைத்து, சத்து நீர் விட்டுத் தக்காளியும் புதினாவும் வளர்த்தார்கள். சிரியர்களில் பலர் விவசாயிகள் என்பதால் அந்த முறையை விஞ்ஞானிகளுக்கே மேம்படுத்திக் காட்டினார்கள். ஈராக்கின் குர்திஸ்தான் பகுதியில் உள்ள டோமிஸ் முகாமில் லெமன் ட்ரீ டிரஸ்ட் என்ற அமைப்பு 2016 முதல் தோட்டப் போட்டிகளே நடத்துகிறது. அங்கே காய்கறியோடு பூச்செடியும் ரோஜாவும் நட்டார்கள். உணவுப் பாதுகாப்பு அறிக்கை எழுதுபவருக்கு ரோஜா கணக்கில் வராது. ஆனால் சோற்றுக்கே வழியில்லாத இடத்திலும் ஒருவர் பூ நடுகிறார் என்றால், தன் வாசல் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையை அவர் திரும்ப எடுத்துக்கொள்கிறார் என்றே பொருள். முகாமில் மற்ற எல்லாவற்றையும் வேறு யாரோதான் தீர்மானிக்கிறார்கள்.

வேர்விட்டுவிட்டால் ஊர் திரும்ப மாட்டார்களே என்ற அச்சம் இடம் கொடுக்கும் அரசுகளுக்கு உண்டு. உலக அகதிகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் ஐந்து வருஷத்துக்கும் மேலாக நீளும் அகதி நெருக்கடிகளில் அயல் மண்ணில் சிக்கி நிற்பவர்கள். அவர்களைத் தடுத்து வைத்திருப்பது ஊரில் நடக்கும் போர், வாசலில் முளைத்த டோடோ இல்லை. கீரையின் ஆயுள் சில மாதம்தான். சாக்குத் தோட்டத்தை நாளைக்கே அவிழ்த்துக் கொட்டிவிட்டுக் கிளம்பலாம். கற்றுக்கொண்டதும் விதையும் கூடவே போகும்.

எனக்கு உண்மையில் உறுத்தலாகத் தோன்றுவது வேறொன்று. தண்ணீர் சுமப்பதும் விறகு பொறுக்குவதும் பிள்ளை பார்ப்பதும் சமைப்பதும் ஏற்கெனவே பெண்கள் தலையில். அதன் மேல் ஐந்து வாரக் கூட்டம், தோட்ட வேலை, தோட்டத்துக்குத் தண்ணீர் என்று ஏற்றினால் மனநலத் திட்டமே மனச்சுமையாகும். முகாமில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் என்பதே குறைந்தபட்ச அளவு. அதிலிருந்து ஒரு குடம் பயிருக்குப் போனால் குளியல் குறையும். கழிவுநீரைப் பயன்படுத்தும் சாக்குத் தோட்டத்தைப் பரிந்துரைப்பதற்கு இதுவும் காரணம். இருந்தும் அது முழு விடையில்லை. குழாயடி அரை மணி நடைக்கு அப்பால் இருக்கிற பகுதியில் தோட்டத் திட்டம் தொடங்கும் முன் குழாயடியைக் கிட்டே கொண்டுவர வேண்டும். நாற்றங்காலில் வேலை செய்ய ஆண்களை அழைக்க வேண்டும். விருப்பமில்லாத பெண்ணைத் தோட்டம் போடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. கூட்டத்துக்கு மட்டும் வந்து போகிற உரிமையும் அவளுக்கு வேண்டும்.

இவ்வளவும் ஒத்துக்கொண்ட பிறகும் நடைமுறையில் தடுப்பது பெரும்பாலும் நிர்வாகப் பிரிவினைதான். உதவி அமைப்புகளில் மனநலம் சுகாதாரப் பிரிவின் கணக்கில் வருகிறது, விதை வாழ்வாதாரப் பிரிவின் கணக்கில் வருகிறது. இரண்டுக்கும் வேறு நிதி, வேறு களப்பணியாளர், வேறு பயனாளிப் பட்டியல், வேறு காலண்டர். மேற்கு நைலில் டிசம்பர் முதல் மார்ச் வரை வறட்சி, ஏப்ரலில் மழை. ஐந்து வாரக் கூட்டத்தைப் பிப்ரவரி கடைசியில் தொடங்கினால், தனக்கு முக்கியமானதை நோக்கிச் சிறு காரியம் செய்யும் மூன்றாவது பாடம் மார்ச் நடுவில் வரும். சாக்கு நிரப்பவும் நாற்று விடவும் அதுதான் நேரம். கூட்டம் முடிந்த பிறகும் அதே குழு நாற்றங்காலில் வாரம் ஒருமுறை கூடலாம். பயிற்சி தந்தவரே அங்கே வந்து யார் வரவில்லை, யார் முகம் வாடியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். நிலம் கொடுத்த உள்ளூர்ப் பெண்களையும் குழுவில் சேர்க்கலாம். அகதிகளுக்கு வரும் உதவியில் 30 சதவீதம் உள்ளூர் மக்களுக்குச் சேர வேண்டும் என்பது உகாண்டாவில் ஏற்கெனவே உள்ள ஏற்பாடு. விதைப் பொட்டலம் மே மாதத்தில் வந்து சேர்ந்தால் இதில் ஒன்றும் நடக்காது. அதற்கான கொள்முதல் ஆணையில் கையெழுத்து நவம்பரிலேயே விழ வேண்டும், மனநலப் பிரிவின் திட்ட அறிக்கையிலேயே அந்தச் செலவுக்கு ஒரு வரி இருக்க வேண்டும்.